செவி குளிர ஒரு புதுவை யாத்திரை

புதுச்சேரிக்குச் செல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் கண்ணுக்காகவே பயணத் திட்டம் வகுக்கின்றன. மணக்குள விநாயகர் தரிசனம், அரவிந்தர் ஆசிரமம், மஞ்சள் வண்ணம் பூசிய பிரெஞ்சுக்கால மாளிகைகள், மாலையில் கடற்கரைச் சாலையில் ஒரு நடை, அத்துடன் ஊர் திரும்பிவிடுகின்றனர். வார இறுதி நாள்களில் உணவு விடுதிகளின் மாடிகளில் கிட்டாரும் டிரம்ஸும் ஒலிக்க, இளைஞர் கூட்டம் அங்கே திரள்கிறது. இவ்விரண்டுக்கும் அப்பால் இன்னொரு புதுவை இருக்கிறது. அது செவியால் வலம் வரவேண்டிய ஊர். தேவாரப் பண்களும், நாதசுர ஒலியும், பாரதியின் பாட்டும், நாடக மேடையின் சந்தங்களும் கலந்த அந்தப் புதுவையை இரண்டு நாள்களில் நிதானமாகக் கேட்டு வரலாம். நுழைவுச் சீட்டு எதுவும் தேவையில்லை. சற்று நேரம் உட்கார்ந்து கேட்கும் பொறுமை ஒன்றே போதும்.

மணற்குளத்துப் பிள்ளையார்

எந்த யாத்திரைக்கும் பிள்ளையார் சுழி முதலில். மணல் நிறைந்த குளத்தின் அருகே அமர்ந்ததால் மணக்குள விநாயகர் எனப் பெயர் பெற்ற இப்பெருமான், பிரெஞ்சுக்காரர் வருகைக்கு முன்பிருந்தே இங்கு அருள்பாலிப்பவர். பாரதியார் இவர் மீது பாடிய விநாயகர் நான்மணிமாலை 40 பாடல்களைக் கொண்டது. வெண்பா, கலித்துறை, விருத்தம், அகவல் என்ற நான்கு வகைப் பாக்களும் மாறி மாறி வருவதால், வாய்விட்டு ஓதும்போது நான்கு வேறு நடைகள் செவியில் விழும். கோயிலுக்குப் போகுமுன் வீட்டுப் பெரியவர் ஒருவர் அதில் சில பாடல்களை உரக்கப் படித்துக் காட்டினால் பேரக் குழந்தைகளுக்கும் அந்த வேறுபாடு விளங்கும்.

இந்த வாசலில் பல ஆண்டுகள் ஒலித்த ஒரு நாதம் இப்போது இல்லை. பக்தர்களுக்குத் துதிக்கை தூக்கி ஆசி வழங்கிய யானை லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று இறைவனடி சேர்ந்தது. அதன் மணியோசையைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இன்றும் அந்த வாசலில் ஏதோ ஒன்று குறைவதாகவே தோன்றும். ஓர் ஒலி இருக்கும்வரை அதை யாரும் தனியே கவனிப்பதில்லை. நின்ற பிறகுதான் அதன் அருமை தெரிகிறது. புதுவையின் இசைத்தலங்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு விதத்தில் இதையே நினைவூட்டுகின்றன.

ஒலி நின்ற கோயில், மீண்டும் ஒலித்த கோயில்

அடுத்து மகாத்மா காந்தி சாலைப் பக்கம் அமைந்த வேதபுரீசுவரர் ஆலயம். வேதபுரி என்பதே இவ்வூரின் பழம்பெயர் என்பர். இப்போதைய ஆலயம் இறைவனின் பழைய இருப்பிடமன்று. 1748 செப்டம்பரில், துய்ப்ளே ஆளுநராக இருந்தபோது, ஆங்கிலேயரின் முற்றுகை நெருங்கிய நாள்களில் பழைய ஈசுவரன் கோயில் இடிக்கப்பட்டது. அந்தத் துயரத்தை நேரில் அறிந்து எழுதிவைத்தவர், துய்ப்ளேயின் துபாஷாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761). அவருடைய நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரை இந்நகரில் நடந்தவற்றைச் சொல்கிறது. பெரிய கடைக்கு அருகில் அவர் பெயரால் அமைந்த வீதியில் அவரது மாளிகை இன்றும் நிற்கிறது. கலைகளையும் புலவர்களையும் போற்றிய அவர் மீது தியாகராச தேசிகர் ஆனந்தரங்கன் கோவை பாடினார்.

ஒரு கோயில் இடிபடும்போது கல்லும் மரமும் மட்டும் போவதில்லை. ஆறு கால பூசையின் மணி, ஓதுவார் பாடல், மேளம், சங்கு, அவற்றை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் எல்லாமே சிதறிப்போகும். பிற்காலத்தில் இப்போதுள்ள இடத்தில் ஈசன் மீண்டும் குடிகொண்டபோது அந்த நாதமும் திரும்பியது. பிரதோஷ வேளையில் இங்கே சென்று நந்தியெம்பெருமானின் அபிஷேகத்தைக் கண்டு, பிராகார வலம் நிறைவடையும்வரை காத்திருங்கள். ஒருமுறை நின்றுபோன ஒலியே மீண்டும் எழுகிறது என்ற நினைவோடு கேட்டால், அதே மேளம் வேறு பொருள் தரும்.

எந்த நேரத்தில் எதைக் கேட்பது?

கோயில் இசைக்குக் கால முறை உண்டு. விடியற்காலையில் பூபாளம், பௌளி. சுவாமி புறப்பாட்டின்போது கம்பீரநாட்டையில் மல்லாரி. இரவு பள்ளியறைச் சேவையில் நீலாம்பரி என்று நாதசுரக் கலைஞர்கள் வழிவழியாக வாசித்து வந்துள்ளனர். மல்லாரியில் சாகித்தியம் கிடையாது. தாளக் கட்டே அதன் உயிர். தெருவில் நிற்பவர்க்கு மல்லாரி கேட்டதுமே சுவாமி புறப்பட்டுவிட்டார் என்பது தெரிந்துவிடும்.

ஓதுவார் பாடும் தேவாரத்துக்கும் இதுபோன்ற இலக்கணம் உண்டு. பழந்தமிழ்ப் பண்கள் இன்றைய இராகப் பெயர்களுக்குள் மறைந்து நிற்கின்றன. தக்கராகம் காம்போதியாகவும், கௌசிகம் பைரவியாகவும், செந்துருத்தி மத்தியமாவதியாகவும், புறநீர்மை பூபாளமாகவும் பாடப்படுகின்றன. இந்த நான்கை மனத்தில் கொண்டாலே, ஓதுவார் பதிகத்தைத் தொடங்கும்போது, கச்சேரியில் கேட்ட இராகம் ஒன்று தன் மூத்த பெயரோடு வந்து நிற்பதை உணரலாம். பண்ணிசையின் தொடக்க காலத்தில் பதிகம் பாடிய காரைக்கால் அம்மையாரின் ஊரும் இன்று புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்ததே என்பது இங்கு நினைவுகூரத் தக்கது.

பாட்டுக்குப் புகலிடம் தந்த வீடுகள்

ஈசுவரன் தருமராசா கோயில் வீதியில் பாரதியார் குடியிருந்த வீடு நினைவில்லமாகப் போற்றப்படுகிறது. 1908-ல் ஆங்கிலேய அரசின் பிடியிலிருந்து தப்பிப் புதுவை வந்த அவர் 1918 வரை பத்து ஆண்டுகள் இங்கு வாழ்ந்தார். கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் ஆகியவை இவ்வூர் தந்த கொடைகள். பல பாடல்களுக்கு இராகமும் தாளமும் அவரே குறித்து வைத்தார். பாடுவதற்கென்றே எழுதியவர் அவர். சங்கீத விஷயம் என்ற கட்டுரையில், வித்துவான்கள் அதே சில கீர்த்தனங்களைத் திரும்பத் திரும்பப் பாடுவதையும், பொருள் உணராமல் பாடுவதையும் கடிந்துரைத்தார். கேட்பவர்க்கும் பாடுபவர்க்கும் பொருள் விளங்கவேண்டும் என்ற அவரது கவலை, கோயில் வழிபாட்டுக்கும் பொருந்தும்.

பெருமாள் கோயில் வீதியில் அவருடைய சீடர் பாரதிதாசனின் இல்லம் உள்ளது. பின்னாளில் பகுத்தறிவுக் கவிஞராகப் புகழ்பெற்ற அவர், 1926-ல் மயிலம் முருகன் மீது பாடிய துதியமுதுடன்தான் நூலாசிரியராக அறிமுகமானார். மயிலத்திலிருந்து ஆண்டுதோறும் அந்த முருகன் புதுவைக் கடலுக்கு எழுந்தருள்வதைப் பின்னர் காண்போம்.

நகரின் வடக்கே கருவடிக்குப்பத்தில் மற்றொரு பெரியவர் உறங்குகிறார். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தமது இறுதி நாள்களைப் புதுவையில் கழித்து, 1922 நவம்பர் 13 அன்று இங்கேயே மறைந்தார். வள்ளி திருமணமும் பவளக்கொடியும் கிராமத் திருவிழா மேடைகளில் விடிய விடிய நடந்த காலத்தை இவ்விதழின் மூத்த வாசகர்கள் அறிவர். அந்த நாடகங்களின் பாடல்களை எழுதியவர் அவர். எழுத்தறியாதவரும் சந்தத்தால் மனப்பாடம் செய்த பாடல்கள் அவை. பேர் பெற்ற பலருக்கு ஆசானாக விளங்கியவரின் நினைவிடத்தில் பயணிகள் கூட்டம் கிடையாது. அருகிலேயே சித்தானந்த சுவாமிகளின் ஆலயமும் இருப்பதால் இரண்டையும் ஒரே காலையில் தரிசிக்கலாம். பாரதியார் பாடிய சித்தாந்தச் சாமி கோயில் இதுவே என்பர்.

பாட்டைச் சேமித்து வைக்கும் இடங்கள்

இசையை நேரில் கேட்பது ஒரு பேறு. பிற்காலத்தவர்க்கென அதைப் பதிந்து காப்பது மற்றொரு தொண்டு. ஒரு காலத்தில் ஒலித்தட்டுக் கடைகள் அத்தொண்டைச் செய்தன. பின்னர் கேசட்டும் குறுந்தகடும் வந்தன. சந்நிதித் தெருக்களில் பூசைப் பொருள்களோடு பக்திப் பாடல் கேசட்டுகளும் அடுக்கியிருந்த காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். இன்று கைப்பேசியிலேயே எல்லாம் கிடைப்பதால் அத்தகைய கடைகள் அருகிவிட்டன. ஆயினும் புதுவையில் பாட்டைப் பேணும் இடங்கள் சில உள்ளன.

செயின்ட் லூயி வீதியில் கடலைப் பார்த்தவாறு அமைந்துள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-ல் தொடங்கப்பட்டது. சைவ ஆகமச் சுவடிகளைத் திரட்டிக் காத்த இதன் பணியால், புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. பண்டிதர் தி.வே. கோபாலையர் பதிப்பித்த தேவாரம் 1984 முதல் இந்நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. பின்னர் அதையொட்டி, 2007-ல் கணினிக்கென ஒரு தேவாரத் தொகுப்பு உருவானது. ஓலைச் சுவடியில் இருந்த திருமுறை, ஓதுவாரின் குரலோடு கணினிக்குள்ளும் இடம்பெற்றது. இந்நிறுவனத்தின் அறிஞர் பிரான்சுவா குரோ 1968-ல் பரிபாடலைப் பிரெஞ்சு மொழியில் தந்தார். திருமாலையும் செவ்வேளையும் வையையையும் பாடும் பரிபாடலில், பாடலை இயற்றிய புலவர் பெயரோடு, அதற்குப் பண் வகுத்த பெட்டனாகனார், கண்ணனாகனார், நன்னாகனார் போன்ற இசையறிஞர் பெயரும் குறிக்கப்பட்டுள்ளது. இசையமைத்தவரைப் பெயர் சொல்லிப் போற்றும் வழக்கம் தமிழில் அத்தனை பழையது. ஆனால் அவர்கள் அமைத்த அந்த இசை நமக்குக் கிட்டவில்லை. பெயர் மட்டுமே எஞ்சியது. ஏட்டில் எழுதியது நின்றது. கேட்டுக் கற்கும் சங்கிலி எங்கோ அறுந்துவிட்டது.

அரவிந்தர் ஆசிரமத்தில் பேச்சே தணிந்துவிடுகிறது. 1910 ஏப்ரல் 4 அன்று புதுவை வந்த ஸ்ரீ அரவிந்தரின் சமாதியருகே மௌனமே வழிபாடு. அந்த மௌனத்திலிருந்தும் இசை பிறந்திருக்கிறது. ஸ்ரீ அன்னை ஆர்கன் வாசித்தார். அவர் விருப்பப்படி ஆசிரம அன்பர் சுனில் பட்டாச்சார்யா 1960-களின் நடுவிலிருந்து ஆண்டுதோறும் புத்தாண்டு இசை அமைத்தார். ஆசிரமவாசியாகப் பல ஆண்டுகள் இருந்த திலீப்குமார் ராய், எம்.எஸ். சுப்புலட்சுமியுடன் இணைந்து பாடிய இசைத்தட்டுகளை மூத்த இரசிகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆசிரமத்தின் நூல் விற்பனைப் பிரிவுக்குச் சப்தா என்று பெயர். நூல்களோடு இசைத் தொகுப்புகளையும் அளித்துவந்த அதற்குப் பொருத்தமாகவே அந்தப் பெயர் அமைந்துவிட்டது.

குயிலின் பெயர் கொண்ட அம்பிகை

இரண்டாம் நாள் நகரைவிட்டு வெளியே செல்லலாம். மேற்கே சுமார் பத்துக் கிலோமீட்டரில் வில்லியனூர். திருக்காமீசுவரர் உடனுறை அம்பிகையின் திருநாமம் கோகிலாம்பிகை. கோகிலம் என்றால் குயில். குயில் பாட்டு பிறந்த ஊருக்கு அருகிலேயே குயிலின் பெயரோடு அம்பிகை வீற்றிருப்பது எண்ணி மகிழத்தக்கது. இத்தலத்தின் தேரோட்டத்தில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநர் வந்து வடம் பிடிப்பது வழக்கம். ஆட்சி மாறிய பின்னும் துணைநிலை ஆளுநர் வடம் தொட்டுத் தொடங்கிவைப்பது தொடர்கிறது. தேர் நகரும்போது எழும் நாதசுரமும் தவிலும் மக்கள் முழக்கமும் கலந்த ஒலி எந்த அரங்கத்திலும் கிடைக்காது.

வடமேற்கே ஆரோவில்லை ஒட்டிய இரும்பை மாகாளம் திருஞானசம்பந்தர் பாடிய தலம். இதன் தல வரலாறே இசையும் நடனமும் பற்றியது. மாகாளேசுவரர் திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்த நங்கையின் காற்சிலம்பு கழன்று விழுந்தது. ஆட்டம் தடைபடலாகாது என்று கடுவெளிச் சித்தர் அதை எடுத்து அவள் காலில் அணிவித்தார். கூடியிருந்தோர் எள்ளி நகைத்தனர். சித்தர் மனம் நொந்து பாட, சிவலிங்கம் மூன்றாகப் பிளந்தது. அரசன் பணிந்து வேண்ட, அவர் மீண்டும் பாடினார், பிளந்தவை பொருந்தின. செப்புத் தகட்டால் பிணைத்த திருமேனியை இன்றும் தரிசிக்கலாம். கலைக்குப் பணிவிடை செய்தவரை ஏளனம் செய்ததால் நேர்ந்த வினை இது என்று பெரியோர் சொல்வர்.

அங்கிருந்து சிறிது தூரத்தில், கோட்டக்கரையருகே ஆரோவில்லின் ஸ்வரம் இசைக்கருவிப் பட்டறை இருக்கிறது. சுற்றுக் கிராமத்து இளைஞர்கள் மரத்திலும் உலோகத்திலும் கல்லிலும் கருவிகளைச் செய்கின்றனர். நம் கோயில்களின் இசைத்தூண்களை அறிந்தவர்க்குக் கல்லில் நாதம் பிறப்பது புதிதன்று. அதை இன்றைய கைவினைஞர் செய்வதைக் காண்பது மகிழ்ச்சி தரும்.

கடலும் தெருவும் அரங்கமாகும் நாள்கள்

புதுவையின் மிகப் பெரிய இசையரங்கம் கடற்கரையே. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகன், தீவனூர் விநாயகர் முதலாகச் சுற்றுவட்டாரத் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்கின்றனர். ஒவ்வொரு மூர்த்தியுடனும் ஒரு மேளம் வரும். ஒருபுறம் நாதசுரம், மறுபுறம் பம்பை, சற்று அப்பால் சங்கும் எக்காளமும். இத்தனை ஒலிகளுக்கும் கீழே அலையோசை சுருதி பிடிக்கும். கூட்டம் மிகுதியாதலால் முதியோர் விடியற்காலையிலேயே சென்று, வெயில் ஏறுமுன் திரும்புவது நலம்.

ஜூன் 21 அன்று வேறொரு விழா. பிரான்சு நாட்டில் 1982-ல் தொடங்கிய இசை நாளைப் புதுவையில் அலியான்ஸ் பிரான்சேஸ் கொண்டாடுகிறது. பாட வல்லவர் பொதுவிடத்தில் பாடவேண்டும், கேட்பவரிடம் கட்டணம் வாங்கலாகாது என்பதே அவ்விழாவின் மரபு. மேலைநாட்டார் 1982-ல் கண்ட இந்த நெறியை நம் சுவாமி புறப்பாடுகள் நூற்றாண்டுகளாகக் கடைப்பிடிக்கின்றன. வீதியில் நிற்கும் ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே மல்லாரிதான்.

நாதம் நிலைக்க

அந்த வீதி இசைக்கு வேறொரு விதத்தில் இப்போது குறை நேர்ந்திருக்கிறது. தமிழகம், புதுவை எங்கும் பல கோயில்களில் தீபாராதனை நேரத்தில் மின்சார மேளம் அடிக்கிறது. பொத்தானை அழுத்தினால் முரசும் மணியும் ஒரே சீராக ஒலிக்கும். ஆள் பற்றாக்குறையால் வைத்தது; நிர்வாகத்தினரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. ஆனால் அந்தக் கருவிக்குப் பூபாளமும் நீலாம்பரியும் தெரியாது. சுவாமி நின்றால் நிற்கவும், திரும்பினால் நடையை மாற்றவும் தெரியாது.

ஆள் பற்றாக்குறைக்கு ஒரு காரணம் கணக்கில் இருக்கிறது. நம் முன்னோர் கோயில் இசைக்கெனக் கட்டளைகள் வைத்தனர். எடுத்துக்காட்டாக, 1975-ல் ஒருவர் 5,000 ரூபாயை வைப்புத்தொகையாக வைத்து, வட்டியில் மேளம் நடக்க வேண்டும் என்று எழுதியிருப்பார். எட்டு விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 400 ரூபாய். அன்று அது பெருந்தொகை. இன்றும் அசல் அதே 5,000 தான். ஏழு விழுக்காட்டில் 350 ரூபாய் வரும். இரண்டு நாதசுரம், இரண்டு தவில், சுருதி, தாளம் என ஆறு பேர் வந்தால் தலைக்கு அறுபது ரூபாய்கூட இல்லை. கட்டளை ஏட்டில் உயிரோடிருக்கும். மேளம் வாசலில் இராது.

இதற்கு வழி உண்டு. குடும்பத்தில் யாரேனும் பழைய கட்டளை வைத்திருந்தால், கோயில் அலுவலகத்தில் விசாரித்து அசலை உயர்த்தலாம். புதிதாக வைப்பவர்கள் வட்டியில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் அசலுடன் சேர்க்கும்படி எழுதிவைத்தால் விலைவாசியோடு கட்டளையும் வளரும். அதற்கு வசதியில்லாதவர்கள் ஒரு நாள் உற்சவ மேளத்துக்கு உரிய தொகையைச் செலுத்தி இரசீது பெறலாம். பேத்தியின் திருமணத்திலும் அறுபதாம் கலியாணத்திலும் ஒலிநாடாவைத் தவிர்த்துக் கலைஞர்களை அழைக்கலாம். அவர்களைச் சாப்பாட்டுக்குக் கடைசிப் பந்தியில் உட்காரவைக்காமல் முதற்பந்தியில் உபசரிக்கலாம்.

எதுவும் இயலாதவர்க்கும் ஒரு தொண்டு மிச்சமிருக்கிறது. தீபாராதனை முடிந்ததும் பிரசாத வரிசைக்கு விரையாமல், நாதசுரக்காரர் கருவியை உறையிலிடும்வரை எதிரே அமர்ந்து கேட்பது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் கலைஞர் மறுநாளும் நன்றாக வாசிப்பார். தம் மகனுக்கும் கற்றுத்தர மனம் வரும். பரிபாடலின் இசை நம் கைக்கு வராமல் போனது போல மல்லாரியும் போய்விடாமல் காக்க, புதுவைக்குச் செல்லும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு மாலைப் பொழுதில் அரை மணி நேரம் கொடுத்தால் போதும்.